பதினாறு வருட ஒத்தாசை

“நேர்மையும் சுறுசுறுப்பும் நற்குணமும் உள்ள கணக்குப்பதிவாளர் ஒருவர் உடனடியாகத் தேவை” என்று தம்பி ஃபாஸில் சொல்லச் சொல்ல றமீஸா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நேர்மை சுலபமாக விழுந்தது. சுறுசுறுப்பும் விழுந்தது. நற்குணத்தில்தான் விரல் தடுமாறியது. அந்த நேரத்தில் அவளிடம் அது கையிருப்பில் இல்லை.

தம்பி சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னான். உட்கார்ந்து சொன்னால் முதலாளி மாதிரி இருக்காது என்று கொழும்பில் மூன்று மாத டிப்ளோமா ஒன்றில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“தகைமை எண்டு போட்டு, பட்டதாரி. வர்த்தகமாணி. இல்லாட்டி ஏ.ஏ.டி. முழுசா முடிச்சீக்கோணும்.”

“முழுசாவா?”

“முழுசா. அரகொற எல்லாம் சரிவராது ராத்தா, பெரிய கம்பனி எண்டா தகைமையுள்ள ஆள் ஒருத்தர் கடையில ஈக்கோணும். அனுபவம் அஞ்சு வருஷம். சேர்விஸ் லெட்டரோட. வயசு முப்பதுக்குள்ள.”

“பட்டம் எடுக்கவே இருபத்தாறு ஆகுது தம்பி. அதுக்கு மேல அஞ்சு வருஷம் எண்டா முப்பது தாண்டுமே.”

“கெட்டிக்காரன் சுருக்கா எடுப்பான். நீங்க எழுதுங்கொ. மூணு பாஷையும் பேச, எழுதத் தெரியோணும். அழுத்தத்துக்கு மத்தியில வேல செய்யக்கூடியவரா ஈக்கோணும்.”

“என்ன அழுத்தம்?”

“அது தெரியா. எல்லாரும் போடுற.”

றமீஸா அழுத்தத்தையும் போட்டாள். அவன் தேடிக்கொண்டிருந்த ஆள் பதினாறு வருடமாக எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவரும் வேலைக்கு, அந்த ஆளின் கையாலேயே விளம்பரம் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது ஃபாஸிலுக்கு உறைக்கவில்லை. அவனுக்கு உறைப்பது கறியில் மட்டும்தான்.

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில், தண்ணீர்க் குழாயும் கொமட் எனும் கழிப்பறைப் பீங்கானும் சிமெந்தும் விற்கிற இரண்டு கதவுக் கடை அது. வாப்பா இருந்த வரையில் பெயர்ப் பலகையில் ‘தாஸிம் ஹார்ட்வெயார்’ என்று இருந்தது. வாப்பா மௌத்தாகி மறு வருடமே ஃபாஸில் அதைக் கழற்றிவிட்டு ‘தாஸிம் குளோபல் ஹோல்டிங்ஸ்’ என்று பித்தளை எழுத்தில் மாட்டினான். குளோபல் என்றது கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு களஞ்சிய அறையை. போன வருடம் அவனுக்கு ‘தேசகீர்த்தி’ பட்டமும் கிடைத்தது. யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெளிவில்லை. பொன்னாடையும் சட்டம் போட்ட படமும் வீட்டுக்கு வந்தன. அதற்குக் கட்டின பணத்தை எந்தத் தலைப்பில் பதிவது என்று யோசித்துவிட்டு, றமீஸா அதை ‘விளம்பரச் செலவு’ என்று பதிந்தாள். கணக்குத் தெரிந்தவர்கள் அதற்கு மேல் கோபத்தைக் காட்டுவதில்லை.

மாவில்மடைக் குன்றில் இருந்த அந்த வீட்டுப் பெண்கள் கடைப் படி ஏறுவதில்லை. பாட்டன் காலத்து வழக்கம். ஆகவே கடைதான் வீட்டுக்கு ஏறி வரும். பின்னேரம் ஆனதும் அன்றைய பற்றுச்சீட்டுகளும் செக் அடிக்கட்டைகளும் ஒரு துணிப்பையில் மேலே வரும். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்புவாள். காலையில் பை கீழே போகும். கடையில் யாராவது சிக்கலான கேள்வி கேட்டால், “மேல கேட்டுச் சொல்லுறன்” என்பான் ஃபாஸில். கொழும்புச் சரக்குக் கம்பனிக்காரர்கள், மேலே குளிரூட்டிய மாடி ஒன்றில் கணக்காளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நம்பினார்கள். மேலே இருந்தது ஒரு றமீஸாவும் ஒரு குப்பி தைலமும்தான்.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள். ஏ.ஏ.டி. என்கிற கணக்கியல் படிப்பு பாதியில் இருக்கும்போது கலியாணம் முடிந்தது. கலியாணமும் பாதியிலேயே முடிந்தது. தலாக் ஆகி, வெளியே போகாமல் அவள் இத்தா இருந்த நாட்களில், பொழுது போகட்டும் என்று வாப்பா அந்தப் பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இத்தா முடிந்தது. பை முடியவில்லை. சம்பளம் என்ற பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை. பெருநாளைக்கு உடுப்பு வரும், ஃபோனுக்கு ரீலோட் வரும், சோறு எப்படியும் அவளே சமைத்ததுதான். வீட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒத்தாசை.

“தம்பி, நானும் போடுறன் அப்ளிகேஷன்” என்றாள் றமீஸா, விளம்பரத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு.

ஃபாஸில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நின்றான்.

“மெய்யாவா?”

“மெய்யா.”

“ராத்தா, கோவிக்காதீங்கொ. ஒங்களுக்கிட்ட ஏ.ஏ.டி. அரகொற. வயசு முப்பத்தெட்டு.”

“அனுபவம் பதினாறு வருஷம்.”

“அதுக்கு லெட்டர் ஈக்கா?”

“லெட்டர் தரோணுமானது யாரு?”

“வேல செஞ்ச ஸ்தாபனம்.”

“அந்த ஸ்தாபனத்துக்குச் சொந்தக்காரன் யாரு?”

ஃபாஸில் கொஞ்ச நேரம் தன்னைத்தானே தேடுகிறவன் போல நின்றான். பிறகு, “அது வீட்டு வேல ராத்தா. இது ப்ரொஃபெஷனல்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நேர்முகப் பரீட்சையை ஏரிக்கரை ஹோட்டலில் வைக்க நினைத்தவன், மண்டபக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரவேற்பறை ‘போர்ட் ரூம்’ ஆனது. சாப்பாட்டு மேசை அங்கே இழுக்கப்பட்டு, நிக்காஹ்வுக்கு விரிக்கிற வெள்ளைச் சீலை போடப்பட்டது. மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகள். ஒன்றில் ஃபாஸில். ஒன்றில் பள்ளிவாசல் தலைவர் ஸவாஹிர் ஹாஜியார். அடுத்த தடவை நிர்வாக சபைக்கு வரக் கனவு காணும் ஃபாஸிலுக்கு அவருடைய தயவு தேவை. மூன்றாவது கதிரை கொழும்பிலிருந்து வரவிருந்த மனித வள ஆலோசகருக்கு. அவர் வரவில்லை. அதில் ஃபாஸிலின் கோட் உட்கார்ந்திருந்தது. மூவரில் அதிகம் பேசாமல் மரியாதையாக நடந்துகொண்டது கோட்தான்.

றமீஸா திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், தேத்தண்ணிக்கும் பெட்டிஸுக்கும் பொறுப்பாக இருந்தாள். திரை மெல்லியது. வசதி.

முதலில் வந்தவள் சிந்துஜா. ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இருபத்தாறு வயது. வர்த்தகமாணி, ஏ.ஏ.டி. முழுவதும், மூன்று மொழி. விளம்பரத்தில் கேட்ட எல்லாவற்றையும் ஒரு கோவைக்குள் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள், ஒன்றைத் தவிர.

“அனுபவம்?” என்றான் ஃபாஸில்.

“இப்பதான் சேர் படிச்சி முடிச்சேன்.”

“அப்ப அனுபவம் எடுத்துட்டு வாங்கொ மிஸ்.”

“எங்க சேர் எடுக்கிறது?”

இந்தக் கேள்விக்குப் பதில் டிப்ளோமாவில் இருக்கவில்லை. ஃபாஸில் ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் கையை மேலே காட்டினார்.

“ஆண்டவன் வழி காட்டுவான் மகள். பொறுமையா ஈங்கொ.”

வாசலுக்குப் போனவளை றமீஸா பின்பக்கத்தால் வந்து மறித்து, ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள். சிந்துஜா நின்றபடியே குடித்தாள்.

“இது எனக்கு ஏழாவதோ எட்டாவதோ தெரியலக்கா” என்றாள். “எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வேல செஞ்சாதான் அனுபவம், அனுபவம் இருந்தாதான் வேல. இதுல எந்தப் பக்கத்தால ஏறணும்னு ஒரு போர்டு போட்டாங்கன்னா நல்லாருக்கும்.”

“நீங்க வந்தது நல்ல இடத்துக்கில்ல, தங்கச்சி” என்றாள் றமீஸா. கோப்பையைத் திரும்ப வாங்கும்போது தன் கை சூடாக இருப்பதைக் கண்டாள். தேத்தண்ணிச் சூடு அல்ல.

அவள் திரைக்குத் திரும்பியபோது, உள்ளே ஹுதைபா உட்கார்ந்திருந்தான். ஸவாஹிர் ஹாஜியாரின் மகன். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதில் ஹாஜியார் மிகக் கண்டிப்பாக இருந்தார். ஆகவே தன் மகனிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாராட்டு மட்டும் சொன்னார்.

“தகைமை…” என்று இழுத்தான் ஃபாஸில்.

“உயர்தரம் எடுத்த” என்றான் ஹுதைபா. எடுத்தது உண்மைதான். பரீட்சையை. சித்தியை அல்ல.

“பட்டம், ஏ.ஏ.டி. எதும்…”

“படிப்பு என்னத்துக்கு ஃபாஸில்?” ஹாஜியார் குறுக்கே வந்தார். “அனுபவம்தான் பெருசு எண்டு இப்பத்தானே அந்தப் புள்ளைக்கிட்டச் சொன்ன. மகன், அந்த லெட்டரக் குடு.”

ஹுதைபா கோவையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தான். ஃபாஸில் அதைக் கையில் எடுத்தான். தலைப்பைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பிறகு அதே தலைப்பை மறுபடியும் பார்த்தான்.

திரைக்குப் பின்னால் நின்ற றமீஸாவுக்கு அந்தக் கடதாசி என்னவென்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. தட்டச்சு செய்தவள் அவள்தான்.

ஊரில் யாராவது பையன் கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறான் என்றால், அவன் வாப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வருவார். அங்கே வேலைக்கு எடுக்கிறவன் அனுபவம் கேட்கிறான், ஒரு லெட்டர் தந்தால் புண்ணியம் என்பார். இது ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் செய்கிற உபகாரம். ஃபாஸில் மறுத்ததே இல்லை. “ஒரு கடதாசிதானே ராத்தா, ஒரு குடும்பம் பொழைக்கும்” என்பான். அவள் தட்டுவாள், அவன் பித்தளை முத்திரையைக் குத்துவான். அந்தச் சாப்பாட்டு மேசையில் களஞ்சியப் பொறுப்பாளர்களும் விற்பனை முகாமையாளர்களும் கணக்காளர்களும் பிறந்துகொண்டே இருந்தார்கள். கடதாசிப்படி அந்தக் கடையில் வேலை செய்த எல்லோரும் ஒரே நாளில் வேலைக்கு வந்திருந்தால், கொமட்டின் மேல்கூட உட்கார இடம் இருந்திருக்காது. ஹுதைபாவும் அப்படிக் கணக்காளனாகி கட்டாருக்குப் போய், ஐந்து மாதத்தில் அங்கே சூடு ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தவன்.

இப்போது அந்த லெட்டர் பிறந்த மேசைக்கே வந்திருந்தது.

“வாசிங்கொ ஃபாஸில்” என்றார் ஹாஜியார். “ஒங்கட கையெழுத்துத்தானே.”

“ஓ… என்டதான்.”

“மூணு வருஷம் ஒங்கட கடையிலயே உதவிக் கணக்காளர். நேர்மை, நேரந்தவறாமை, நிறுவனத்துக்குப் பேரிழப்பு எண்டெல்லாம் நீங்களே எழுதியீக்கீங்க. இதுக்கு மேல என்ன அனுபவம் வேணும்?”

ஃபாஸில் ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் கண் சிமிட்டாமல் திரும்பப் பார்த்தார். லெட்டருக்காக வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். இருந்தும், அந்த முகத்தில் பொய்யின் சாயலே இல்லை. தன் மகன் மூன்று வருடம் அந்தக் கடையில் உழைத்து ஓடாய்த் தேய்ந்ததாக அவர் இதற்குள் நம்பத் தொடங்கியிருந்தார். அது பொய் என்று சொல்ல வேண்டுமானால், தன் முத்திரை பொய் என்று ஃபாஸில் சொல்ல வேண்டும். முத்திரையோடு தேசகீர்த்தியும் போகும், நிர்வாக சபையும் போகும்.

“கெட்டிக்காரப் புள்ள” என்றான் ஃபாஸில் ஈனக்குரலில். “முதலாந் தேதியிலேர்ந்து வாங்கொ.”

“திரும்பி வாங்கொ எண்டு சொல்லுங்கொ” என்று திருத்தினார் ஹாஜியார்.

றமீஸா பெட்டிஸ் தட்டை அடுப்படியிலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். போர்ட் ரூம் அன்று வெறும் தேத்தண்ணியோடு கலைந்தது.

பின்னேரம் பை வந்தது. பையோடு ஃபாஸிலும் வந்தான். நெற்றியைத் தடவிக்கொண்டே அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். இந்த முறை நடக்கவில்லை.

“ராத்தா, ஹுதைபாவ ஒரு மூணு மாசம் நீங்கதான் பழக்கி எடுக்கோணும்.”

“என்னத்துக்கு? மூணு வருஷம் ஈந்த புள்ளதானே.”

“நக்கல் பண்ணாதீங்கொ.”

“நக்கல் இல்ல தம்பி. நேரந்தவறாமை, நேர்மை. நான்தானே தட்டின. பேரிழப்பு எண்டும் போட்டீக்கி. இழந்தது திரும்பக் கெடச்சா சந்தோஷப்படோணும்.”

“அவனுக்குப் பற்று எது, வரவு எது எண்டு தெரியா.”

“அப்ப சம்பளம் அவனுக்கு. வேல எனக்கு.”

ஃபாஸில் தலையாட்டினான். அவனுக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. ஏற்பாட்டை ராத்தா சரியாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் பட்டது.

றமீஸா பையைத் தள்ளி வைத்தாள். பேராதனைப் பக்கத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணக்குப்பதிவாளர் வேலை ஒன்று இருப்பதாக, ஏ.ஏ.டி. வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்த சந்திரிகா இரண்டு கிழமைக்கு முன் ஃபோனில் சொல்லியிருந்தாள். சந்திரிகா நாவலப்பிட்டிக்காரி. படிப்பை முடித்து இப்போது அந்த நிலையத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தாள். ஏ.ஏ.டி. பாதி போதும், இரண்டு வருட அனுபவம் வேண்டும், லெட்டர் கட்டாயம் என்றிருந்தாள். இரண்டு வருடம். றமீஸாவிடம் எட்டுப் பேருக்குப் பங்கு வைக்கிற அளவு இருந்தது. லெட்டர்தான் இல்லை.

“பழக்கித் தாறன்” என்றாள் றமீஸா. “எனக்கு ஒரு சேர்விஸ் லெட்டர் தா. பதினாறு வருஷம் வேண்டாம். பாதி போடு. நான் வெளிய ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போடப் போற.”

“வெளியவா? யாருக்கு? என்ன கொற ஒங்களுக்கு?”

“லெட்டர் ஒண்டு கொற.”

“ராத்தா, நீங்க வேலைக்குப் போனா ஊருல என்ன கதைப்பாங்க? தேசகீர்த்தி ஃபாஸில் ராத்தாக்குச் சோறு போடாம பஸ்ல ஏத்தி அனுப்புறான் எண்டு சொல்ல மாட்டாங்களா?”

“சோறு நான்தான் ஆக்குற.”

“கதைய மாத்தாதீங்கொ. சட்டப்படியும் ஏலா. நீங்க ஸ்டாஃப் இல்ல. சம்பளம் எடுக்கல்ல. ஈ.பீ.எஃப். இல்ல. மறுகா எப்பிடி வேல செஞ்ச எண்டு எழுதுற?”

“ஹுதைபாக்கு ஈ.பீ.எஃப். கட்டினியா?”

“அது உதவி.”

“எனக்கும் உதவி எண்டே தா.”

“அதுதான் ஏலா ராத்தா.” ஃபாஸில் மேசையில் சாய்ந்து, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னான். “பொறத்தியானுக்குப் பொய்யா எழுதினா அது சேர்விஸ் லெட்டர். கூடப் பொறந்தவங்களுக்கு மெய்யா எழுதினாலும் பாக்கிறவன் பொய் எண்டுதான் சொல்லுவான். என்ட முத்திரைக்கு ஒரு மரியாத ஈக்கி.”

றமீஸா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவன் பிறந்தபோது தொட்டில் ஆட்டினோமே என்று நினைக்கிற இடம் இதுதான். அவள் அப்படி நினைக்கவில்லை. இவன் சொன்னதில் உள்ள ஒழுங்கைத்தான் பார்த்தாள். அதற்குள் ஓட்டையே இல்லை. பதினாறு வருடத்தில் அவன் ஒரு விஷயத்தைக்கூட இவ்வளவு நேர்த்தியாக யோசித்து அவள் கண்டதில்லை.

உம்மா தஸ்பீஹ் மணியோடு உள்ளேயிருந்து வந்தார். “என்ன புள்ள, சத்தம்?”

“ராத்தா வேலைக்குப் போகப் போறாவாம்.”

“ஏன்? அவன் ஒனக்கு என்ன கொற வச்ச? நீ இந்த வீட்டுக்கு ஒத்தாசையா ஈக்கிறாய் எண்டுதானே அவன் நிம்மதியா கடையில நிக்கிறான்.”

“அதைத்தான் உம்மா எழுதித் தரச் சொல்லிக் கேக்குற” என்றாள் றமீஸா.

உம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காததில் அவர் நிம்மதியாக இருந்தார். மணி உருண்டது.

மறுநாள் காலை றமீஸா அபாயாவைப் போட்டுக்கொண்டு, உயர்தரப் பெறுபேற்றையும் ஏ.ஏ.டி. பாதியையும் ஒரு கோவையில் வைத்துக்கொண்டு பேராதனைப் பஸ்ஸில் ஏறினாள். கண்டி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. கோபம் ஊரவில்லை. இறங்கி நிலையத்தின் படி ஏறும்போது, தான் ஏறுகிற முதல் வேலைத்தலப் படி இதுதான் என்று அவளுக்கு நினைவு வந்தது. அந்த நினைவு கோபத்தை இன்னும் கூட்டியது.

“வாங்க வாங்க றமீஸா, உக்காருங்க” என்றாள் சந்திரிகா. “அப்பிடியே இருக்கீங்களே. லெட்டர் கொண்டாந்தீங்களா?”

“இல்ல.”

நடந்ததைச் சொன்னாள். ஹுதைபாவின் இடத்தில் சந்திரிகா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

“எனக்கு உங்கள நல்லாத் தெரியும்” என்றாள். “ஆனா எங்க டொக்டருக்குத் தெரியாதே. அவருக்கு ஆளு உசிரோட எதிர்ல நின்னாலும் ரிப்போர்ட்ல இருந்தாதான் உசிரு. இருங்க. லெட்டர் இல்லாட்டியும், வேல செஞ்ச எடத்துல வாயால சொன்னாக்கூட நான் எழுதிக்கலாம். தம்பி நம்பரச் சொல்லுங்க.”

“வேண்டாம்” என்று சொல்ல றமீஸாவுக்கு ஒரு கணம் இருந்தது. சொல்லவில்லை. எழுத மனமில்லாதவன் கேட்டால் சொல்லவாவது செய்வான் என்று உள்ளே எங்கோ ஒரு மூலை இன்னும் நம்பியது. நம்பரைச் சொன்னாள்.

சந்திரிகா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“தாஸிம் குளோபல் ஹோல்டிங்ஸ். செயார்மன் பேசுறன்.”

“சேர், வணக்கம். ஒரு ஆளப் பத்தி விசாரிக்கணும். றமீஸான்னு ஒருத்தங்க உங்க கம்பெனில கணக்குப் பாத்தாங்களா?”

மறுபக்கத்தில் ஒரு சிறு இருமல். பிறகு, விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரியான சிரிப்பு.

“அது எங்கட ராத்தா மிஸ். வீட்டோட ஈக்கிறவங்க.”

“கணக்கு வேல செஞ்சிருக்காங்களா சேர்? கொஞ்ச நாளாவது?”

“ஒரு நாளும் இல்ல. எங்கட கணக்குப் பிரிவு வேற. தகைமையுள்ள ஆக்கள் ஈக்கிறாங்க. ராத்தாக்கு அனுபவமெல்லாம் ஒண்டுமில்ல. நாங்க பொம்புளையள வேலைக்கு விடுற குடும்பம் இல்ல மிஸ். அவங்க சும்மா, பொழுது போகாம, கேட்டிருப்பாங்க. நீங்க மனசில எடுக்க வேண்டாம்.”

“சரி சேர். தேங்க் யூ.”

சந்திரிகா ஃபோனை வைத்தாள். பக்கத்து அறையில் யாருக்கோ இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கத்தியது. றமீஸா கோவையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. அழுதால் அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும், இங்கே எடுத்துவரக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

“உக்காருங்க” என்றாள் சந்திரிகா.

“எதுக்கு? கேட்டீங்கதானே. ஒரு நாளும் இல்லியாம்.”

“உக்காருங்களேன். புக்கீப்பர் போஸ்டு உங்களுக்குத் தர முடியாது. அது போயிருச்சி. ஆனா பயிலுநர்னு இன்னொண்ணு இருக்கு. உயர்தரம் வர்த்தகம் பாஸ் பண்ணியிருக்கணும். அலவன்ஸ் கொஞ்சம்தான், சொல்லவே வெக்கம். அதுக்கு டொக்டர் ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. முன் அனுபவம் இருக்கக் கூடாது. அனுபவம் இருந்தா முழுச் சம்பளம் கேப்பாங்களாம்.”

றமீஸா நின்றபடியே அதைக் கேட்டாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

“வயசு?”

“வயசு போடல. முப்பத்தெட்டு வயசுல ஒருத்தர் பயிலுநரா வருவாங்கன்னு டொக்டருக்குத் தோணியிருக்காது.” சந்திரிகா ஒரு படிவத்தை இழுத்தாள். “அனுபவம் இல்லைங்கிறதுக்கு அத்தாட்சி கேப்பாரு. செயார்மன் ஒருத்தர் வாயாலயே சொல்லியிருக்காருன்னு எழுதிக்கிறேன். இதைவிடப் பெரிய அத்தாட்சி வேற யாருகிட்ட இருக்கு?”

சந்திரிகா சிரிக்கப் பார்த்தாள். றமீஸாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

இது நீதி அல்ல என்று றமீஸாவுக்குத் தெரிந்தது. பதினாறு வருடத்தை இந்த மேசையில் போட்டுவிட்டு, நேற்றுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள் மாதிரி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். இந்த டொக்டரும் ஃபாஸில் வகையறாதான். என்ன, இவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. ஃபாஸில் அனுபவத்தை மறைத்து லாபம் பார்த்தான், இவர் அனுபவம் இல்லாதவர்களைத் தேடி லாபம் பார்க்கிறார். ஹேவாஹெட்டையிலிருந்து வந்த பிள்ளையிடம் அனுபவம் இல்லை என்று விரட்டினவன் ஒருவன், இருந்தால் விரட்டுகிறவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பெண் உட்கார எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரு கதிரைக்கு இருந்தது.

அலவன்ஸ் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

“ஒரு வருஷம் முடிஞ்சா லெட்டர் தருவீங்களா?”

“தருவேன்.”

“வேல செஞ்சது நான் எண்டு?”

“நீங்கதான்னு. எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், என்ன வேலன்னு எல்லாம் போட்டு. டொக்டர் கையெழுத்து வைக்காட்டி நான் வைப்பேன். போதுமா?”

றமீஸா படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பேனையைக் கேட்டாள். முன் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டியிருந்தது. அதை எழுத முடியவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதச் சொல்லிப் படிவத்தை சந்திரிகாவிடமே நீட்டினாள். மற்றதையெல்லாம் அவளே நிரப்பினாள்.

திரும்பி வரும் பஸ் கெட்டம்பே தாண்டுவதற்குள் ஃபோன் அடித்தது.

“ராத்தா, எங்க ஈக்கிறீங்க? எவளோ ஒருத்தி கோல் எடுத்து ஒங்களப் பத்தி விசாரிச்சா. பயப்படாதீங்கொ, நான் நல்ல மாதிரி சொல்லி அனுப்பிட்டன். இனித் தொந்தரவு தரமாட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“ஒரு நாளும் வேல செஞ்சதில்ல, அனுபவம் ஒண்டுமில்ல எண்டு நல்லாச் சொன்ன.”

“அவங்க தேடினதும் அப்பிடி ஒராளத்தான்” என்றாள் றமீஸா. “வாற திங்கக்கெழமையிலேர்ந்து வரச் சொல்லீக்காங்க.”

மறுபக்கத்தில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ முக்கால் அங்குலக் குழாய் கேட்டார்கள்.

“வெளயாடாதீங்கொ ராத்தா. மாசக் கடைசி வருது. வற் வரிக் கணக்கு அனுப்போணும். பேங்குக்காரன் வேற கேக்குறான்.”

“ஒன்ட கணக்குப் பிரிவு வேற தானே தம்பி. தகைமையுள்ள ஆக்கள் ஈக்காங்களே.”

“ராத்தா, உம்மாக்கு நான் என்ன சொல்ற?”

“நீயே சொல்லு. நீதான் நல்லாச் சொல்லுவியே.”

அவள் ஃபோனை வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். முன் சீட்டுக்காரரும் பார்த்தார். றமீஸா எடுக்கவில்லை. சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. அடிக்கட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் நீண்டு கிடந்த வாகன வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.